சரிங்க என்று சொன்ன ஊர்

எங்கள் புங்கனேரியில் ‘சரிங்க’ என்றால் சம்மதம் என்று அர்த்தம் கிடையாது. ‘காதில் விழுகிறது, மேலே சொல்லுங்கள்’ என்று அர்த்தம். மற்ற ஊர்களில் கதை கேட்கிறவர்கள் உம் கொட்டுவார்கள். நாங்கள் சரிங்க போடுவோம். பாத்திரக்காரர் அண்டாவின் விலையைச் சொன்னால் சரிங்க என்போம். பேரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். என் அப்பாவின் அக்கா பாப்பாத்தி அத்தையைப் பெண் பார்க்க ஜெயங்கொண்டத்துக்கு அந்தப்புறமிருந்து வந்தவர்கள், மாப்பிள்ளையின் பெருமைகளை ஒவ்வொன்றாக அடுக்கினார்களாம். என் தாத்தா ஒவ்வொன்றுக்கும் சரிங்க சொல்லியிருக்கிறார். அவர்கள் காரியம் முடிந்தது என்று நினைத்து, மறுவாரமே தாம்பூலத் தட்டோடு வந்து இறங்கிவிட்டார்கள். கறிச்சோறு போட்டு, கையைப் பிசைந்து, ஒருவழியாக அனுப்பி வைத்தார்களாம். அப்புறம் அத்தையை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்தார்கள், சரிங்கவின் அர்த்தம் தெரிந்த வீட்டில். இந்தக் கதையை அத்தை சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு அடங்காது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அது தொண்ணூற்றொன்பதாம் வருஷம். பெரம்பலூர் தனி மாவட்டமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அங்கே ஒரு ஆபீசில் நான் தற்காலிகத் தட்டச்சர். டைப்ரைட்டிங்கில் தமிழ் ஹையர், இங்கிலீஷ் லோயர். என் தமிழுக்கு ஆபீசில் நல்ல பேர். தேவயானி அடித்தால் திருத்த வேண்டியதில்லை என்று எங்கள் அதிகாரி பாலசுந்தரம் சார் நாலு பேர் முன்னால் சொல்லுவார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது. பஸ்ஸில் ஒட்டியிருக்கும் நோட்டீசில் ஒற்றுப்பிழை இருந்தால்கூட இறங்கும்வரை மனசு ஆறாது.

எங்கள் ஊர் ஏரிக்குத் தெற்கே சுண்ணாம்புக்கல் சுரங்கம் தோண்ட ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அந்த மண் அப்படிப்பட்டது. உழும்போதே கல்லாகிப்போன நத்தைகள் கொழுமுனையில் தட்டுப்படும். சின்ன வயசில் அவற்றைப் பொறுக்கி வந்துதான் நாங்கள் பல்லாங்குழி ஆடினோம். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று வாத்தியார் சொன்னபோது வகுப்பே சரிங்க என்றது. ஒருவரும் நம்பவில்லை.

சுரங்கம் வருவதற்கு முன்னால் ஊர்மக்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்று சட்டம். பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் பந்தல் போட்டார்கள். அந்த நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது. கல்யாணத்துக்குக் கிளம்புகிற மாதிரி எல்லாரும் சலவைத்துணியில் வந்திருந்தார்கள். மைக் செட்காரர் பழக்கதோஷத்தில் பிள்ளையார் பாட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் அணைத்தார். நான் மேடையில், அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில், நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தேன். அத்தை கீழே முதல் வரிசையில் இருந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் என்னைக் கைகாட்டிக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள்.

கம்பெனி ஆள் ஒவ்வொரு பத்தியாக விளக்கினார். ஒவ்வொன்றின் முடிவிலும் விளங்குகிறதா என்று கேட்டார். ஊரே ஒரே குரலில் சரிங்க என்றது. முந்திரிக்கொல்லை வைத்திருந்த வைரக்கண்ணு அண்ணன் எழுந்து, பூ எடுக்கிற நேரத்தில் தூசி படிந்தால் காய் பிடிக்குமா என்று கேட்டார். தண்ணீர் தெளிப்போம் என்றார்கள். சரிங்க என்று உட்கார்ந்தார். அத்தை எழுந்தாள். மழைத்தண்ணீர் ஏரிக்கு வரும் கால்வாயை நாங்கள் வாரி என்போம். தெற்கு வாரி அந்த நிலத்தின் வழியாகத்தானே வருகிறது, தோண்டிவிட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டாள். வரைபடத்தை விரித்துப் பத்து நிமிஷம் பதில் சொன்னார்கள். அவளும் சரிங்க என்றுதான் சொன்னாள். அப்புறம் டீயும் பன்னும் வந்தன.

மறுநாள் ஆபீசில் பாலசுந்தரம் சார், உங்க ஊர்தானே, மக்கள் சொன்னதை நீயே எழுதிவிடம்மா என்றார். அவர் வேறு ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பழியைப் போட அவர் தோள் எனக்கு எத்தனையோ நாள் வசதியாக இருந்திருக்கிறது. சர்க்கார் காகிதத்தில் சரிங்க என்று அடிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். ‘விளக்கங்களைக் கேட்டறிந்த பொதுமக்கள் அனைவரும் ஒருமனதாக இசைவு தெரிவித்தனர்’ என்று அடித்தேன். ‘ஒருமனதாக’ என்பது ஹையர் பரீட்சைக்குப் படித்தபோது பிடித்துப்போன வார்த்தை. உபயோகிக்க ஒரு சந்தர்ப்பம் கிடைக்காதா என்று காத்திருந்தேன். அடித்துவிட்டு மூன்று தடவை படித்து ரசித்தேன்.

இரண்டு வருஷத்தில் சுரங்கம் வந்துவிட்டது. தெற்கு வாரி பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. ஏரி பாதிக்கு மேல் நிரம்புவதை நிறுத்திக்கொண்டது. முந்திரிப்பூவில் மாவு தூவினாற்போலத் தூசி. இதற்கிடையில் அரியலூர் தனி மாவட்டமாகி, மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்து, நாங்கள் தலைப்புத்தாள்களை இரண்டு தடவை மாற்றி அடித்தோம். எங்கள் கவலை எங்களுக்கு.

ஊரார் பல ஆபீசுகள் ஏறி இறங்கினார்கள். நீங்கள் ஒத்துக்கொண்டீர்களே என்று போன இடமெல்லாம் சொன்னார்கள். எப்போது ஒத்துக்கொண்டோம் என்று கேட்டதற்கு, கூட்டத்தின் அறிக்கை நகலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டாயிரத்து மூன்று மாட்டுப்பொங்கலுக்கு நான் ஊருக்குப் போனபோது, அத்தை அந்த நகலை எடுத்துக்கொண்டு என்னை அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போனாள். இருபது முப்பது பேர் காத்திருந்தார்கள். அறிக்கையை எழுதியது மேலே யாரோ ஒரு அதிகாரி என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

“நீதான் படிச்சவ. என்ன எழுதியிருக்கான்னு படிச்சுக் காட்டு” என்றாள்.

படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ‘ஒருமனதாக’ என்ற இடத்தில் நிறுத்தி, அப்படியென்றால் என்ன என்று ஒருவர் கேட்டார். எல்லாரும் ஒரே மனசாக என்று சொன்னேன்.

அத்தை குனிந்து ஒரு கை மண்ணை அள்ளினாள். எங்கள் பக்கம் மண்ணை வாரித் தூற்றிவிட்டால் அதற்கு மேல் முறையீடு கிடையாது.

“இத எழுதுன கை வெளங்காம போவட்டும், அய்யனாரே” என்று சொல்லிக் காற்றில் வீசினாள்.

என் கையில் காகிதம் இருந்தது. மண் என் புடவையிலும் கொஞ்சம் விழுந்தது. மேலே பட்டுவிட்டதா ஆத்தா என்று அவளே தட்டிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு ஊருக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன். லீவு இல்லை என்பேன், பஸ் கூட்டம் என்பேன். அத்தை முந்திரிப்பருப்பு கொடுத்தனுப்புவாள். வருஷத்துக்கு வருஷம் பொட்டலம் சின்னதாகிக்கொண்டே வந்தது. அவளிடம் சொல்ல எத்தனை தடவை பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரை வந்து திரும்பியிருப்பேன் என்று கணக்கே இல்லை. வலது மணிக்கட்டில் வலி ஆரம்பித்தது. டைப் அடிக்கிறவர்களுக்கு வருவதுதான் என்று டாக்டர் சொன்னார். நான் நம்பவில்லை.

இரண்டாயிரத்து ஏழு மாசி மாதம் மறுபடி கூட்டம் வந்தது. இந்த முறை ஏரிக்கு வடக்கே. மிச்சமிருந்த ஒரே வாரி அந்தப் பக்கம்தான். அதுவும் போனால் ஏரி மாடு மேய்க்கிற பொட்டல்தான். அதே புளியமரம், அதே மைக் செட். எனக்கு வேலை நிரந்தரமாகும் கோப்பு அந்த மாதம் பாலசுந்தரம் சார் மேஜையில் இருந்தது. என்ன வந்தாலும் அடக்கமாக இருந்துவிட வேண்டும் என்று பஸ்ஸிலேயே முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

ஊர் இந்த முறை கோபமாக வந்திருந்தது. ஆனால் கோபம் வேறு, வாய்ப்பழக்கம் வேறு. கம்பெனி இன்ஜினியர் பேச ஆரம்பித்ததும், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூட ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரிங்க போட்டார்கள். கேள்வி கேட்க எழுந்தவர்களும், பதிலை எதிர்த்துப் பேசத் தெரியாமல், சரிங்க என்று உட்கார்ந்தார்கள்.

கூட்டம் முடிவதற்குள், எழுதியதை மக்களுக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்று புது விதி வந்திருந்தது. பாலசுந்தரம் சார் என் பக்கம் சாய்ந்து, போன தடவை எழுதியது நன்றாக இருந்தது, அதே மாதிரி எழுதி நீயே வாசித்துவிடம்மா என்றார். எழுதினேன். பயந்தாங்கொள்ளிக்குக் கை நன்றாகவே ஓடுகிறது. மைக் முன்னால் போய் நின்றேன். ‘விளக்கங்களைக் கேட்டறிந்த பொதுமக்கள்’ என்று வாசித்து மூச்சு விட நிறுத்தினேன்.

“சரிங்க” என்றது ஊர்.

காகிதத்தைப் பார்த்தேன், எல்லாம் என் கையெழுத்து. கீழே அத்தை முதல் வரிசையில், அதே இடத்தில், கன்னத்தில் கைவைத்து நான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும்தான் சரிங்க சொல்லியிருந்தாள்.

“இப்ப சரிங்கன்னு சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?” என்று மைக்கிலேயே கேட்டேன்.

பந்தலில் சிரிப்பு எழுந்தது. வைரக்கண்ணு அண்ணன் எழுந்து, “நீ படிக்கிறத கேட்டுக்கிட்டிருக்கோம்னு அர்த்தம். உனக்குத் தெரியாதா?” என்றார்.

“தெரியும்ணே. தெரிஞ்சும் எட்டு வருசத்துக்கு முன்னால அத சம்மதம்னு எழுதுனது நாந்தான். வேற யாரும் இல்ல.”

சிரிப்பு நின்றது. பாலசுந்தரம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார், மறுபடி கழற்றினார். என் கோப்பு குப்பைக்குப் போனது என்று நினைத்துக்கொண்டேன். அத்தை எழுந்து, யாரையும் பார்க்காமல், பந்தலை விட்டு வெளியே நடந்தாள்.

சார் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் வைரக்கண்ணு அண்ணனைப் பார்த்து, அப்படியானால் சம்மதத்துக்கு உங்கள் ஊரில் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார்.

“சொல்ல மாட்டோம் சார். தட்டு மாத்திக்குவோம்.”

பாலசுந்தரம் சாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பழைய காகிதத்தைக் கிழித்துவிட்டுப் புதுசாக எழுதம்மா, அவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே எழுது என்றார். அன்று பொழுது சாய்கிறவரை ஊர் பேசியது. மைக் கையைவிட்டுக் கை மாறியது. கிணறு எத்தனை அடி இறங்கியது, முந்திரி எத்தனை மூட்டை குறைந்தது, எந்த மழைக்கு ஏரி வழிந்தது, எந்த வருஷத்தோடு கொக்கு வருவது நின்றது என்று, கூட்டம் என்றால் வாயே திறக்காத பெண்களெல்லாம் சொன்னார்கள். அப்படி ஒரு பேச்சை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ‘போவும்’ என்றதைப் ‘போகும்’ என்றுகூடத் திருத்தாமல் எழுதினேன். பதினேழு பக்கம் வந்தது. முதல் பக்கத்தில், ‘சரிங்க என்பது இவ்வூரில் சம்மதம் ஆகாது’ என்று சாரே தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த விண்ணப்பம் திரும்பிப் போயிற்று. வடக்கு வாரி இன்றும் இருக்கிறது. நல்ல மழை பெய்தால் ஏரி முக்கால்வாசி நிறைகிறது. தெற்கே பள்ளம் பள்ளம்தான். எனக்கு வேலை நிரந்தரமாக மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை.

அன்றைக்குக் கூட்டம் கலைந்ததும் பஸ் நிற்கிற இடத்துக்கு ஓடினேன். அத்தை அங்கேதான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். போய் நின்றேன். மன்னித்துவிடு அத்தை என்று சொல்லத்தான் வந்தேன். ஹையர் படித்த வாய்க்கு ஒரு வார்த்தை வரவில்லை.

அவள் என் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாக நீவிப் பார்த்தாள். மணிக்கட்டைத் தொட்டதும் நான் முகம் சுளித்தேன்.

“வலிக்குதா?”

“நாலு வருசமா.”

அத்தை கோயில் இருக்கும் திசையைப் பார்த்தாள். முந்தானையில் எச்சில் தொட்டு, குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி, அந்த மணிக்கட்டைத் துடைத்தாள்.

“சரி” என்றாள்.

கேட்டுக்கொண்டேன் என்கிற சரியா, மன்னித்தேன் என்கிற சரியா என்று நான் கேட்கவில்லை. அரியலூர் பஸ் வரும்வரை அவள் என் கையை விடவில்லை.