பேனரில் ஒரு கை

மாலை நாலரைக்குக் கடைத் திறப்பு. அக்கா மூன்று மணிக்கே வந்து அலமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை, தானே தயாரித்த கிளிசரின் க்ரீம் டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கையுறை போட்டுக்கோக்கா. சோப்புத் தண்ணி ஆகாது."

"சலவைக்கடையில ஊறின கைடி இது. இனிமேதான் கெடப்போகுதா?"

சொன்னாளே தவிர, போட்டுக்கொண்டாள். வயதான தோலுக்குக் கிளிசரின்தான் இதம், எரியாது, ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று தங்கை டப்பா கொடுத்ததிலிருந்து, பாத்திரம் கழுவிய கை காயுமுன் பூசாமல் அவள் படுத்ததில்லை. ஞாயிறுதோறும் தங்கை வந்து கையைப் படம் எடுப்பாள். புறங்கையைத் தடவிப் பார்த்து, "நல்லா மாறிட்டு வருதுக்கா" என்பாள். அக்காவுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. தன் வயதைத்தான் நொந்துகொண்டாள்.

சுவரோரம் சுருட்டிக் கிடந்த பேனரை அவள்தான் பிரித்து மாட்டினாள்.

இரண்டு கைகள். ஒன்று வழவழவென்று இருந்தது. அது தங்கையின் நாத்தனார் கை என்று வளையலே சொன்னது. மற்றது சுருங்கி வெடித்து, கட்டைவிரலடியில் ஒரு தழும்போடு. தங்கை முதன்முதலாக வேலைக்குப் போன காலையில், அவள் சட்டைக்கு அக்கா இஸ்திரி போடும்போது சுட்டது.

வழவழப்பின் கீழே, 'ஆறு மாதம், கிளிசரினோடு.' தழும்பின் கீழே, 'ஆறு மாதம், கிளிசரின் இல்லாமல்.'

அக்கா கையுறையைக் கழற்றினாள். ஒப்பிட வேண்டியதே இல்லை. ஆனாலும் ஒப்பிட்டாள்.

"என் டப்பாவுல கிளிசரினே போடலையா?"

தங்கை ஒரு டப்பாவை நகர்த்தி வைத்தாள். "மத்ததெல்லாம் ஒண்ணுதாங்க்கா. அது மட்டும் போடல. சொல்லியிருந்தா நீ வேற எதாவது பூசிருப்ப. பக்கத்துல வச்சுக் காட்டினாத்தான் ஜனங்க நம்புவாங்க."

"நாத்தனாருக்கு மட்டும் போட்டியே."

"அவங்க கையக் கெடுக்க முடியுமா? வீடே ரெண்டாயிடும். நீன்னா என் அக்கா. ஒரு உரிமை..."

அவள் புது டப்பாவைத் திறந்து, அக்காவின் கையைப் பிடிக்க வந்தாள். அக்கா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"படம் எடுத்த, சரி. வெறும் டப்பாவக் கொடுத்த, அதுவும் போகட்டும். வாராவாரம் இந்தக் கையத் தடவிட்டு, நல்லா மாறிட்டு வருதுன்னு சொன்னியே, அது எதுக்குடி?"