பதினோரு மாடியும் மெலிசான லேப்டாப்பும்

வயிறு எரிஞ்சுது. இதை நாசூக்கா சொல்ல எனக்குத் தெரியல. என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பொண்டாட்டி, சோபாவுல காலை நீட்டிக்கிட்டு விரல் கனத்துல ஒரு லேப்டாப்பை மடியில வச்சு வேலை பார்க்கறா. கடைகளுக்கு நோட்டீஸ், விளம்பர அட்டை வரைஞ்சு குடுக்கற வேலை, அதுவும் வீட்டுல இருந்தே. அந்த லேப்டாப் ரொம்ப தூரம் பயணம் போச்சுன்னா சோபாவுல இருந்து சாப்பாட்டு மேசை வரைக்கும்தான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ஓட வைக்கறவளுக்கு லிஃப்ட் கிடையாது. அது நின்னாதானே என்னையே கூப்பிடறாங்க! ஒரு தோள்ல டூல்ஸ் பை, இன்னொரு தோள்ல மூணு கிலோ லேப்டாப். மொட்டைமாடி மெஷின் ரூம் வரைக்கும் படியேறி, அங்க இருக்கற கன்ட்ரோல் பெட்டியில வயரைச் சொருகினா, எந்த மாடியில என்ன மக்கர்னு லேப்டாப்புல தெரியும். ஆபீஸ்ல குடுத்த லேப்டாப் அது. அதுக்கு அம்மிக்கல்லுன்னே பேரு. வேற வேணும்னா சொந்தக் காசுல வாங்கிக்கோன்னுட்டாங்க.

போன மாசம் டாக்டர் என் வலது தோளை அமுக்கிப் பார்த்துட்டு, இனிமே பாரம் தூக்கினா கையே மேல வராதுன்னு சொல்லிட்டார். விஷயம் மேனேஜர் காதுக்குப் போச்சு. "மேடம், புகார் எடுக்கற சீட் ஒண்ணு காலியா இருக்கு. உக்காந்துட்டே போன் எடுக்கற வேலை. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க"ன்னார். பன்னெண்டு வருஷமா நின்ன லிஃப்டை ஓட வச்சவ நான். இனிமே "சரிங்க, ஆள் வருவாங்க"ன்னு போன்ல கொஞ்சிட்டு உக்காரணுமா? 

டூல்ஸைக் கட்டடத்துலேயே ஒரு பெட்டி போட்டுப் பூட்டி வச்சுக்கலாம். லேப்டாப்பை அப்படி விட்டுட்டு வர முடியாது. ஆக, லேசான லேப்டாப் ஒண்ணு இருந்தா நான் மேல ஏறலாம், இல்லாட்டி நாற்காலி. ஆனா அவ வச்சிருக்கற மாதிரி ஒண்ணோட விலை என் ரெண்டு மாச சம்பளத்தை முழுங்கிடும்.

வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். "பழசே நல்லாத்தானே ஓடுது?"ன்னார், தலையைக்கூட நிமிர்த்தாம. மூணு மாசத்துக்கு முன்னால அவர் தம்பி என்ன பண்ணினார்? பொண்டாட்டி மணிக்கட்டு வலிக்குதுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னா, மறுவாரம் இந்த லேப்டாப் வந்து இறங்கிச்சு. அவ கேக்கக்கூட இல்ல. எனக்கு எரிஞ்சது அந்தத் தகரத்தைப் பார்த்து இல்ல. அதைத்தான் வெளியில சொல்ல முடியல.

செவ்வாய்க்கிழமை அவ குளிக்கப் போன நேரம், அதை எடுத்துட்டுப் போய் சமையல்கட்டுத் தராசுல வச்சேன். தொள்ளாயிரத்து எண்பது கிராம். ஒரு கிலோ சர்க்கரைகூட இல்ல! திரும்பினா வாசல்ல மாமியார்.

"என்னம்மா, அதை நிறுத்துப் பார்க்கற? எடைக்குப் போடப் போறியா?"

"சும்மாத்தான் அத்தை, தராசு சரியா இருக்கான்னு."

"ஓஹோ, தராசு!"ன்னு இழுத்துட்டுப் போனாங்க.

அன்னிக்கு சாயங்காலம் மானத்தை விட்டு அவகிட்டயே கேட்டேன். "நாளைக்கு ஒரு நாள் குடேன். ஏறிப் பார்த்துட்டு வாங்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

"இதுக்கென்னக்கா, தாராளமா!"

அம்மிக்கல்லுல இருக்கற புரோகிராமை மெயில் வழியா அதுலயும் ஏத்திக்கிட்டேன். அவ பக்கத்துல உக்காந்து என் வயரை எடுத்துச் சுத்திச் சுத்திப் பார்த்தா. அப்புறம் கடைக்குப் போறேன்னு கிளம்பிட்டா. காலையில லேப்டாப்பைத் தன்னோட சாம்பல் நிறப் பையில போட்டு நீட்டினா. "பையோடவே எடுத்துட்டுப் போங்கக்கா."

பை வேறயா! மழமழன்னு, மூலையில கம்பெனி முத்திரையோட. இதை மாட்டிட்டு நான் கட்டடத்துக்குப் போனா, அவளோட சேலையை இரவல் கட்டிட்டுப் போற மாதிரி இருக்கும். ரூமுக்குள்ள போய் லேப்டாப்பை மட்டும் உருவி என் பழைய முதுகுப் பையில போட்டேன். அவ பையைக் கதவுக்குப் பின்னால ஆணியில மாட்டிட்டுக் கிளம்பினேன்.

பதினோரு மாடிக் கட்டடம், ஒரே லிஃப்ட், காலையில இருந்து அசையல. வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும், "மேடம் வந்துட்டாங்க, இனிமே ஓடும்"னு கீழ நின்ன கூட்டத்துக்கு அறிவிச்சார். டூல்ஸ் முந்தியே மேல பெட்டியில இருந்துச்சு, லேப்டாப்போட மட்டும் ஏறினேன். அஞ்சாவது மாடியில பை காலியா இருக்கோன்னு சந்தேகம் வந்து கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். இருந்துச்சு. தோள் முணுமுணுக்கக்கூட இல்ல. எட்டாவது மாடியில வாங்கிடறதுன்னே முடிவு பண்ணிட்டேன். ரெண்டு மாச சம்பளம் போனா போகட்டும்.

மெஷின் ரூம்ல உக்காந்து வயரை எடுத்தேன். சொருக இடம் தேடினேன். இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, எறும்பு நுழையற மாதிரி ரெண்டே ஓட்டை. என் வயரோட முனையோ அகலமான பழைய முனை. திருப்பிப் போட்டாலும் போகாது, கெஞ்சினாலும் போகாது.

அட பாவி! வயரைப் பார்த்தே பொழைக்கறவ நான். மூணு மாசமா அந்த லேப்டாப்போட மெலிசைப் பார்த்தேன், மினுக்கைப் பார்த்தேன், ஓரத்துல என்ன ஓட்டை இருக்குன்னு ஒரு நாள் பார்க்கல.

இதுல வெக்கக்கேடு என்னன்னா, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷம். இவ்வளவு விலை குடுத்து ஒரு வயரைச் சொருக வக்கில்லாத சாமான்! அந்த வேகத்துலயே மேனேஜருக்குப் போன் போட்டேன். "அந்தச் சீட்டை எனக்கே குடுத்துடுங்க சார்." போனை வச்சதும் கீழ யாரோ லிஃப்ட் கதவைத் தட்டற சத்தம் கேட்டுது.

அம்மிக்கல் வீட்டுல இருந்துச்சு. பதினோரு மாடி இறங்கி, ஸ்கூட்டரைக் கிளப்பி, வீட்டு வாசப்படியிலேயே ஆரம்பிச்சேன். "பணத்தைக் கொட்டி வாங்கிட்டா ஆச்சா? அலமாரியில வச்சு அழகு பார்க்கத்தான் லாயக்கு. அத்தை, நீங்களே கேளுங்க இந்தக் கூத்தை!"

நான் பொரிஞ்சு முடிச்சதும் ஓரகத்தி நேரா என் ரூமுக்குப் போய், கதவுக்குப் பின்னால இருந்து அந்தச் சாம்பல் பையை எடுத்துட்டு வந்தா. முன்பாக்கெட் ஜிப்பைத் திறந்தா. கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு குட்டி வயர். ஒரு முனை லேப்டாப்போட சின்ன ஓட்டைக்கு, மறுமுனையில என் வயர் நுழையற அகல வாய்.

"நேத்து உங்க வயரைப் பார்த்தப்பவே இதுல போகாதுன்னு தெரிஞ்சுது. அதான் கடைக்குப் போய் வாங்கிட்டு வந்தேன்."

"வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா 'எனக்குத் தெரியாதா'ன்னு எரிஞ்சு விழுவீங்க. அதான் பையைத் திறந்ததும் கண்ணுல படற மாதிரி வச்சேன்." குட்டி வயரை என் கையில வச்சா. "மூணு மாசமா இந்த லேப்டாப்பைப் பார்க்காத மாதிரியே பார்த்துட்டு இருக்கீங்களேக்கா. உங்களுக்குத் தோள் வலின்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட நான்தான் சொல்லிட்டே இருக்கேன், உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்கன்னு."

எனக்கு மூஞ்சியை எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. மாமியார் ஏதோ சொல்ல வாயெடுத்துட்டு, என்னைப் பார்த்ததும் உள்ள போயிட்டாங்க.

அந்தப் பையையே மாட்டிக்கிட்டுத் திரும்பப் போனேன். மறுபடி பதினோரு மாடி. குட்டி வயரைச் சொருகினேன், என் வயரைச் சொருகினேன், திரையில வரிசையா எழுத்து ஓடுச்சு. ஏழாவது மாடிக் கதவு சரியா மூடல, அவ்வளவுதான் நோய். இறங்கிப் போய்ச் சரி பண்ணினதும் லிஃப்ட் கிளம்புச்சு. கீழ கைதட்டினாங்க.

அந்த லிஃப்ட்லயே இறங்கிட்டு மேனேஜருக்குப் போன் போட்டேன். "சார், காலையில சொன்னதை மறந்துடுங்க. தப்பு என் மேலதான்."

"மறந்தாச்சு மேடம். உங்க கட்டடங்களை எடுத்துக்கோங்கன்னு நாலு பேரைக் கேட்டேன். பதினோரு மாடியான்னு நாலு பேரும் ஓடிட்டாங்க"ன்னு சிரிச்சார்.

வெள்ளிக்கிழமை என் காசுலேயே அதே மாதிரி லேப்டாப் வாங்கிட்டேன். விலைக்குத் தகுந்ததான்னு கேட்டா, சோபாவுக்குத் தகுந்தது இல்ல, பதினோரு மாடிக்குத் தகுந்தது. குட்டி வயர் மட்டும் புதுசு வாங்கல, அவ வாங்கினதே இருக்கு.

வயித்தெரிச்சல் தீர்ந்துதான்னு மட்டும் கேக்காதீங்க. அவ வயரை நான் அப்படிச் சுத்திச் சுத்திப் பார்த்திருப்பேனா? அவளுக்குன்னு கடைக்கு நடந்திருப்பேனா? மாட்டேன். ஒவ்வொரு தடவை மேல போய் அதைச் சொருகும்போதும் எனக்கு இதுதான் ஞாபகம் வருது.