கை வைத்துப் பார்ப்பவர்

சித்தப்பாவின் உதையில் பைலட்டின் முன்பற்கள் இரண்டும் தெறித்துச் சிமென்ட் தரையில் விழுந்தன. மேல்வரிசைப் பற்கள், வேரோடு. பார்த்துக்கொண்டு நின்ற அண்ணன் மகள் பல் டாக்டர். அவள் அப்பா செத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. ஆனாலும் அவள் கண் தன் தொழிலை மறக்கவில்லை.

"எந்திரிடா! எந்திரிச்சு எங்கண்ணன் மூஞ்சியப் பாத்துச் சொல்லுடா!"

எந்த முகத்தை? அப்பா விமானக் கொட்டகைக்கு வெளியே லாரித் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தார். லாரியில் வந்து இறங்கிய சித்தப்பா ஒரே ஒரு முறை அவரைப் பார்த்தார். தார்ப்பாயால் மூடிவிட்டு நேராக உள்ளே வந்து, சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்த பைலட்டைச் சட்டையோடு தூக்கி அடிக்க ஆரம்பித்தவர்தான், இன்னும் நிறுத்தவில்லை. கூட வந்த டிரைவர்கள் இருவரும் வாசலை அடைத்து நின்றார்கள். முதலாளியின் உப்பைத் தின்றவர்கள். அவர்களும் ஆளுக்கு நாலு போட்டுவிட்டுத்தான் ஒதுங்கியிருந்தார்கள்.

அப்பா சொந்தமாக விமானம் வாங்கப் போகிறார் என்றதும் ஊரே கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தது. கிளீனராக லாரியில் ஏறி, டிரைவராகி, தெருவை அடைத்து லாரி நிறுத்தும் அளவுக்கு வளர்ந்த மனிதர். மனைவி போனபின் அவருக்கு இருந்தது ஒரே மகள். அவளோ ஒரு பகல் முழுக்கப் பயணம் செய்தால்தான் சேரக்கூடிய ஊரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தாள்.

"காலையில கெளம்பி உன் வீட்டுல காபி குடிக்கணும். மத்தியானச் சோத்துக்கு நான் ஷெட்டுல இருக்கணும். அதுக்கு ஒரு வண்டி வேணும் பாப்பா, அவ்வளவுதான்," என்றார் போனில். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் லீவு போட்டுவிட்டு விமானம் பார்க்க அவரோடு கிளம்பினாள்.

முதலில் பார்த்தது விலை மலிவு, ஆனால் சைக்கிள் கேரியர் மாதிரி ஒடுக்கம். இரண்டாவது புது மாப்பிள்ளை போலப் பளபளத்தது. இறங்க நீளமான ஓடுதளம் வேண்டும் என்றார்கள். "இவனுக்கு ரோடு போட்டே நான் ஓட்டாண்டி ஆயிருவேன்," என்று அப்பா திரும்பிவிட்டார். மூன்றாவது இது. இறக்கை கூரை மாதிரி மேலே இருந்தது. சக்கரம் தடிமன், மண் தரையிலும் இறங்கும். நாலு சீட்டு.

விற்பவரின் ஆளாக வந்த பைலட் சின்ன வயதுக்காரன். அவன் எதையும் மறைக்கவில்லை. "சீட்டு நாலுதான் சார். ஆனா டேங்க் ரொம்பிருச்சுன்னா ரெண்டு பேருக்கு மேல ஏத்தக்கூடாது. நாலு பேர் போகணும்னா எண்ணெயக் கொறைக்கணும்."

"ஓவர்லோடு ஆகாதுங்கிறான். உள்ளதச் சொல்ற பயல் பாப்பா," என்று அப்பா மகளின் காதில் சொல்லிப் பூரித்துப்போனார். அவருக்கு விமானத்தைவிடப் பைலட்டைத்தான் முதலில் பிடித்தது.

ஆனால் வாய்ப்பேச்சை நம்பி வண்டி வாங்கும் ஆள் இல்லை அவர். லாரி வாங்கும்போது எஞ்சினை ஓடவிட்டு முன்னால் போய் நிற்பார். பானெட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். "இருமுது, வேணாம்," என்பார். "இது கள்ளன், வயித்துல நோவ வச்சிக்கிட்டுச் சிரிக்குது," என்பார். அவர் கை வைத்து வாங்கிய வண்டி எதுவும் நடுவழியில் நின்றதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்ற பழமொழியை அந்த ஷெட்டில் எல்லோரும் எப்போதோ மறந்துவிட்டிருந்தார்கள்.

இன்று வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கினார்கள். அப்பா முன்னால் பைலட்டின் பக்கத்தில், மகள் பின்சீட்டில். கொட்டகை முன்னால் வந்து நின்றதும் அப்பா கதவைத் திறந்தார்.

"இருங்க சார், நிறுத்திடறேன்."

"நிறுத்தாத தம்பி. ஓடட்டும். கை வச்சுப் பாக்கணும்."

"சார்! முன்னாடி போகாதீங்க சார்!"

ஓடுகிற லாரியிலிருந்து குதித்துப் பழகிய உடம்பு. அவன் சொல்லி முடிப்பதற்குள் தரையில் இருந்தது. விமானத்தின் மூக்கில் இருந்த விசிறி கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அங்கே ஒன்றுமே இல்லாதது போல, அப்பால் இருந்த புல்தரை தெளிவாகத் தெரிந்தது. பைலட் அலறிக்கொண்டே எஞ்சினை அணைத்தான். அணைத்தாலும் விசிறி உடனே நிற்காதே. அப்பா கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை நீட்டியதை அவள் பார்த்தாள். அதற்குள் முன்கண்ணாடி முழுக்கச் சிவந்துவிட்டது.

லோடு இறக்கிவிட்டுக் காலி லாரியோடு சித்தப்பா வந்தது அதற்குப் பிறகுதான். "வாங்கடா, வந்து நம்ம புது வண்டியப் பாத்துட்டுப் போங்கடா," என்று அண்ணன்தான் காலையில் கூப்பிட்டிருந்தார்.

இப்போது சித்தப்பா ஒரு டிரைவரிடம் கையை நீட்டினார். அவன் லாரியிலிருந்து வீல் ஸ்பானரை எடுத்துவந்து கொடுத்தான்.

அதைப் பார்த்ததும்தான் அவளுக்கு உயிர் வந்தது. ஓடிப்போய் மல்லாந்து கிடந்த பைலட்டைப் பக்கவாட்டில் புரட்டித் தலையை மடியில் தாங்கினாள். இல்லாவிட்டால் வாயில் நிறைந்திருந்த ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது, தொட்டதுமே தெரிந்தது.

"தள்ளு பாப்பா."

"போதும் சித்தப்பா. செத்துருவாரு."

"சாகட்டும். எஞ்சின ஓடவிட்டுட்டு எங்கண்ணன எறக்கிவிட்டுருக்கான்."

"எறக்கிவிடல. போகாதீங்கன்னு கத்துனாரு. அப்பாதான் கேக்கல. நான் உள்ளதான இருந்தேன்."

சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. "அப்ப எங்கண்ணன் என்ன முட்டாளாடி? எஞ்சினோடயே பொழச்ச மனுசன், ஓடுற ஃபேன்ல போய்க் கைய விடுற முட்டாளா? சொல்லு, இவனுங்க முன்னாடி சொல்லு!"

டிரைவர்கள் அவள் வாயையே பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்பாவின் பெயர் ஷெட்டில் அப்படியே நிற்கும். இந்தப் பையன் மட்டும் இருக்கமாட்டான். இவன் பிழைக்கவேண்டுமானால், தன்னோடு காபி குடிக்க ஆசைப்பட்டுச் செத்த மனிதரை, அவர் பிணத்துக்குப் பக்கத்திலேயே வைத்து, அவர் வளர்த்த ஆட்கள் முன்னால் முட்டாள் என்று சொல்லவேண்டும். அவள் சித்தப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆமா சித்தப்பா."

அறை விழுந்தது. காது அடைத்துக்கொண்டது. உதடு கிழிந்து வாயில் உப்புக் கரித்தது. பைலட்டின் தலையை அவள் மடியிலிருந்து இறக்கவில்லை.

"ஆமா. எங்கப்பா முட்டாள்தனமாத்தான் செத்தாரு. இன்னொரு தடவ அடிங்க, இன்னொரு தடவ சொல்றேன்."

ஸ்பானர் மேலே எழுந்தது. அவள் குனிந்து பைலட்டின் முகத்தைத் தன் உடம்பால் மறைத்தாள்.

அடி விழவில்லை. வெளியே கண்ணாடி நொறுங்கும் சத்தம் கேட்டது. சித்தப்பா விமானத்தை அடித்துக்கொண்டிருந்தார். கதவை, இறக்கையை, மூக்கை, விசிறியை. தகரம் கிழிந்தது. எண்ணெய் ஒழுகியது. "கூப்பிட்டியேண்ணே! வந்து பாருங்கடான்னு கூப்பிட்டியேண்ணே!" என்று ஒவ்வோர் அடிக்கும் கத்தினார். ஸ்பானர் கைநழுவிப் போனபின் வெறும் முட்டியால் குத்தினார். டிரைவர்கள் கிட்டே போகப் பயந்தார்கள்.

அவள் பற்களைத் தேடி எடுத்தாள். வேரில் விரல் படாமல் நுனியைப் பிடித்து, வேர் காயாமலிருக்கக் கொட்டகைக் காவல்காரன் டீ போட டம்ளரில் வைத்திருந்த பாலில் போட்டாள். காவல்காரன் போன் செய்து வரவழைத்த ஆம்புலன்ஸ் ஒன்றும், போலீஸ்காரர் ஒருவரும் வந்து சேர்ந்தார்கள்.

"பாடி எங்கம்மா?" என்றான் ஆம்புலன்ஸ் ஆள்.

"அவருக்கு அவசரமில்ல. மொதல்ல இவர ஏத்துங்க." பால் டம்ளரை அவன் கையில் திணித்தாள். "சிந்தாமக் கொண்டு போங்க. சீக்கிரம் வச்சா ஒட்டிக்கும்."

போலீஸ்காரர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "இவர யாரு அடிச்சது?"

"நான்தான்," என்றார் சித்தப்பா. முட்டியெல்லாம் ரத்தம். "எங்கண்ணன ஆஸ்பத்திரியில சேத்துட்டு வர்றேன். அப்புறம் எங்க கூப்பிட்டாலும் வர்றேன்."

இன்னொரு வண்டி வர நேரமாகும் என்றார்கள். லாரியின் பின்பலகையைத் திறந்து, டிரைவர்கள் ஜல்லித்தூளைக் கூட்டித் தள்ளினார்கள். தார்ப்பாயோடு தூக்கி வைத்தார்கள். போலீஸ்காரர் முன்னால் ஏறினார். சித்தப்பா யாரிடமும் சாவியைக் கொடுக்காமல் தானே ஓட்ட உட்கார்ந்தார்.

பல் டாக்டர் பின்னால் ஏறி அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அறை வாங்கிய கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. பாதை குண்டும் குழியுமாக இருந்தது. காலி லாரி எப்படித் தூக்கிப் போடும் என்று தெரிந்து, தார்ப்பாயை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள்.

லாரி தூக்கிப் போடவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் ஏறக்குறைய நின்று, ஒரு சக்கரத்தை இறக்கி, ஏற்றி, பிறகு மறுசக்கரத்தை இறக்கியது. பின்னால் வந்த ஒரு கார் விடாமல் ஹாரன் அடித்தது. முன் ஜன்னலிலிருந்து சித்தப்பாவின் கை வெளியே நீண்டு, முந்திப் போகச் சொல்லிக் காட்டியது.