சுகரில் பாஸ்

எங்கள் ஆட்களுக்கு எதை நீட்டினாலும் அது பரீட்சைதான். விரலில் குத்துகிற ஊசியை நீட்டினாலும் சரி.

இந்த ஊரில் வேறு மொழி பேசுகிற நாங்கள் கொஞ்சம் பேர். மற்றவர்களைவிட எங்களுக்குச் சுகர் அதிகம், அதனால் கிட்னி கெடுவதும் காலை எடுப்பதும் அதிகம் என்று சுகாதார அலுவலகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கவனித்திருக்கிறார். எங்களுக்கென்றே வியாழக்கிழமை சாயங்காலங்களில் ஒரு கிளினிக் திறந்தார்கள். டயர்க்கடைக்கு மேலே ஒரே அறை; எடை மெஷின், ஒரு கட்டில், ஒன்றுக்கொன்று பொருந்தாத பிளாஸ்டிக் நாற்காலிகள். டாக்டரம்மா இந்த ஊர்க்காரர், தங்கமான மனுஷி. எங்கள் மொழி மட்டும் சுத்தமாக வராது. மொழிபெயர்க்கத்தான் நான்.

சூட்சுமம் எங்கள் ஆட்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. குத்தினால் நம்பர் வரும், நம்பர் குறைவாக வந்தால் டாக்டரம்மா சிரிப்பார். அப்புறமென்ன? புதன்கிழமை மத்தியானத்திலிருந்தே பட்டினி. வாரம் முழுக்கத் தொடாத மாத்திரையை வியாழன் காலையில் பயபக்தியோடு விழுங்குவது. பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வருவது. தையல்காரர் முகம் வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியேறுவார். நம்பர் நல்லபடியாக வந்ததும் இறங்கி நேரே எதிர் பேக்கரி, இரண்டு கிரீம் கேக்.

"டாக்டரம்மா வாரத்துல ரெண்டு நாள் வரக்கூடாதாம்மா?" என்று பேக்கரிக்காரர் என்னையே கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இந்த வகுப்பில் முதல் மாணவன் என் அத்தான். அக்கா புருஷன், டவுன் பஸ் டிரைவர். அவருக்கு நம்பர் ஒருநாளும் தப்பியதில்லை. வெளியே வந்து எல்லாரிடமும் சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார்.

ஒரு வியாழக்கிழமை டாக்டரம்மா பூரிப்போடு வந்தார். எங்கள் நம்பரெல்லாம் அருமையாக இருக்கிறதாம். இனி இந்தக் கிளினிக்குக்கு அவசியமில்லை, மாத முடிவில் மூடிவிடலாம் என்று மேலிடம் யோசிக்கிறதாம். அறையில் இருந்தவர்களுக்கு அப்படியே மொழிபெயர்த்தேன். கைதட்டினார்கள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அதற்குக் கைதட்டல் வேறு.

அத்தானை நாலு கேள்வி கேட்டே தீருவது என்று நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் சாக்ஸைக் கழற்றாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள்.

"உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. அதனால நான் சொல்ல மாட்டேன். நீயே போய் அந்த இடது கால் சாக்ஸை உருவிப் பாரு."

உருவினேன். பெருவிரலுக்கு அடியில் ஒரு புண், ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

"ஷூ கடிச்சுடுச்சு," என்றார் அத்தான்.

"எப்போ?"

"போன மழைக்கு."

வலிக்கவே இல்லை என்று பெருமையாக வேறு சொன்னார். சுகர்காரர் காலில் புண் வலிக்கவில்லை என்றால் அதைவிடக் கெட்ட சேதி கிடையாது. கேட்க வந்த நாலு கேள்வியும் மறந்துபோயிற்று. டாக்டரிடம் இப்போதே போகலாம் என்றேன். காலையில் டூட்டி இருக்கிறது என்று போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாளே டாக்டரம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் போட்டுடைத்தேன், பட்டினியிலிருந்து கேக் வரை. முதலில் சிரித்தார். கால் விஷயம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எப்படியாவது அவரைக் கூட்டிக்கொண்டு வா என்றார். அத்தான் எங்களுக்கு மசிகிற ஆளா? பரீட்சை நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த வியாழன் டாக்டரம்மா புது மெஷின் ஒன்றோடு வந்தார். ஒரு சொட்டு ரத்தம் போதும், மூன்று மாதமாகச் சுகர் எப்படி இருந்தது என்று சொல்லிவிடும். ஒருநாள் பட்டினியெல்லாம் இதனிடம் பலிக்காது. நான் மொழிபெயர்த்து முடித்தேன்.

"இது சிலபஸ்லயே இல்லையேம்மா," என்றார் தையல்காரர். ஒரு பாட்டிக்கு அடுப்பை அணைக்காமல் வந்தது ஞாபகம் வந்துவிட்டது. ஒவ்வொருவராக மாடிப்படிப் பக்கம் நகர்ந்தார்கள். அத்தானும் எழுந்தார். நான் குறுக்கே நின்றேன்.

"காலைக் காட்டுங்க அத்தான்."

டாக்டரம்மாவுக்காகப் புன்னகையை மாற்றாமல், அடிக்குரலில் எங்கள் மொழியில் சொன்னார். "இவங்க முன்னாடி நான் ஃபெயிலாகி நிக்கணுமா? எங்கண்ணன் காலை எடுத்த அன்னிக்கு நான் கட்டில் பக்கத்துல நின்னேன். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரு, கூட வந்த படிக்கிற பசங்ககிட்ட சொன்னாரு, 'இவங்க ஆளுங்க சொன்னாக் கேக்க மாட்டாங்க'ன்னு. எனக்குப் புரியாதுன்னு நெனப்பு. இந்த ஊர் ஜனங்களை வருஷக்கணக்கா ஏத்தி இறக்கறவன், எனக்கா புரியாது? இனிமே எவனும் நம்மளப் பாத்து அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாதுன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ. கண் நிறைந்துவிட்டது.

"என்ன சொல்றாரு?" என்றார் டாக்டரம்மா. மொழிபெயர்ப்பது என் வேலை. ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவர் முகம் சிவந்துபோனது. நாற்காலியை அத்தான் பக்கம் இழுத்துப் போட்டு, அவரிடம் நேராகவே கேட்டார்.

"உங்க அண்ணன்கிட்ட என்ன செய்யணும்னு அவரோட மொழியில யாராவது சொன்னாங்களா?"

இதற்கு நான் தேவைப்படவில்லை. அத்தான் யோசித்து, டாக்டரம்மாவின் மொழியிலேயே பதில் சொன்னார். "இல்ல. நான் டூட்டிக்குப் போயிடுவேன். அவரு தனியாத்தான் போவாரு. உங்க மொழியில ஒரு பேப்பர் குடுப்பாங்க. ஆடுற மேஜைக் காலுக்கு அண்டை குடுக்க நல்லா இருக்குன்னு சொல்வாரு."

"சொல்லவே இல்லையே. அப்புறம் அவர் எதைக் கேக்கறது?"

அத்தான் நாற்காலிக்குத் திரும்பி வந்தார். பிறகு உட்கார்ந்து, தானே குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தார்.

டாக்டரம்மா தரையில் உட்கார்ந்து புண்ணைச் சுத்தம் செய்தார். காலைக் காப்பாற்றிவிடலாம், ஆனால் நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பிறகு இங்கே வாராவாரம் வர வேண்டும் என்றார். பெரிய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடவே வருகிறேன் என்றேன். இதற்குள் மெஷின் நம்பரைக் காட்டியது. பயங்கரமான நம்பர். அத்தான் அதையே பார்த்தார்.

"வாராவாரம்னா, இதை மூடப்போறாங்களே?"

"இந்த மாதிரி நம்பர் இன்னும் கொஞ்சம் வந்தா மூட மாட்டாங்க," என்றார் டாக்டரம்மா.

அத்தான் ஒற்றைக் காலில் ஷூவோடு எழுந்து, நொண்டிக்கொண்டே போய் மாடிப்படியில் எட்டிப் பார்த்தார். தையல்காரர் போக மனசில்லாமல் பாதிப் படியிலேயே உட்கார்ந்திருந்தார்.

"யோவ், எல்லாரையும் கூட்டிக்கிட்டு மேல வாய்யா. நான் ஃபெயில். நீயும் வந்து ஃபெயிலாகு."