மழை முடிய வாறம்

சவப்பெட்டிக்குக் கிட்டப் போகுமுன் நிலாணி குனிந்து சப்பாத்தைக் கழற்றினாள். வார் இறுக்கம். ஒரு கையால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் இழுத்துத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

"உந்தச் சப்பாத்தை ஏன் இப்ப கழட்டுறாய்? எல்லாரும் போட்டுக்கொண்டுதானே நிக்கினம்" என்றாள் மச்சாள்.

நிலாணியின் செத்துப்போன புருசன் அன்புராசாவின் அக்கா அவள். காலையிலிருந்து அந்த மண்டபத்தில் யார் எங்கே நிற்பது, ஐயருக்கு யார் தண்ணீர் கொடுப்பது, யார் எவ்வளவு அழுவது என்பதெல்லாம் அவளுடைய பொறுப்பாகவே இருந்தது. கிரியை முடிந்துவிட்டது. வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். வந்து கையைப் பிடித்தார்கள், தலையை ஆட்டினார்கள், போனார்கள். செத்தவீட்டில் யாரும் 'போட்டு வாறன்', போய்விட்டு வருகிறேன், என்று சொல்வதில்லை. சொன்னால் திரும்பவும் ஒரு சாவுக்கு வருவதாக ஆகிவிடுமாம்.

வெறுங்காலில் கம்பளம் மெத்தென்றது. இரண்டு எட்டு வைப்பதற்குள் அது நினைவில் குளிர்ந்த மண் தரையாகிவிட்டது.

பெப்ரவரியில், டோர்செட் பார்க்கில் அவர்கள் புலம்பெயர்ந்து குடியிருந்த கட்டடத்து பால்கனியெல்லாம் பனி மூடிக்கிடந்தபோது, அவளும் அன்புராசாவும் கென்யாவுக்குப் போனார்கள். கலியாணம் கட்டி இருபத்தைந்தாவது வருடம். "சனமெல்லாம் காசிக்கும் கியூபாவுக்கும் போகுது, உவன் மாட்டுக்கொட்டில் பாக்க ஆபிரிக்காவுக்குப் போறான்" என்று மச்சாள் ஊரெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். அன்புராசாவுக்கு அது காதில் விழுந்தால்தானே.

சுற்றுலாவின் நான்காம் நாள், மாடு மேய்க்கும் மசாய் இனத்தவரின் ஒரு கிராமம். முள்வேலிக்கு வெளியே வான் வண்டியில் வந்து இறங்கியதும் சிவப்புத் துணி போர்த்திய ஆண்கள் பாடிக்கொண்டு துள்ளினார்கள். குச்சியைக் கடைந்து நெருப்பு எடுத்துக் காட்டினார்கள். எல்லோரும் படம் எடுத்தார்கள். நிலாணிக்கு நாடகத்துக்குள் தவறிப்போய் ஏறிவிட்டது மாதிரி ஒரு கூச்சம். பிறகு ஒரு வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். பெண்களே சாணமும் மண்ணும் பூசிக் கட்டிய வீடு. கூட வந்தவர்கள் பூட்ஸோடு குனிந்து உள்ளே நுழைந்தார்கள். அன்புராசா மட்டும் வாசலில் நின்று சப்பாத்தைக் கழற்றினார்.

"இஞ்சேருங்கோ, முள்ளுக் குத்தப்போகுது" என்றாள் நிலாணி.

"ஒருத்தற்றை வீடப்பா" என்றார் அவர். அவ்வளவுதான். அவளும் கழற்ற வேண்டியதாயிற்று.

வீட்டுக்காரியின் பெயர் நாசியேகு. அவள் அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தாள். மற்றவர்கள் மணிமாலை வாங்கப் போன பின்னும் இவர்கள் இருவரையும் விடவில்லை. தோல் விரித்த கட்டிலில் இருத்திவிட்டு அடுப்பை ஊதினாள். சுவரில் ஒரு கையகலத் துவாரம். அதன் வழியே வந்த வெளிச்சத்தில் புகை எழும்பாமல் நின்றது. இருட்டுக்குள் எங்கேயோ ஒரு கன்றுக்குட்டி மூச்சு விட்டது. நேரம் போனதே தெரியவில்லை. அப்படி ஒரு நிம்மதியை நிலாணி தன் சொந்த வீட்டில்கூட அனுபவித்ததில்லை.

தேத்தண்ணியில் பால் பேருக்குத்தான் இருந்தது. மழை இல்லை, மாடுகளுக்கு மடி வற்றிவிட்டது என்று வழிகாட்டி யோசப் சொன்னான். நாசியேகுவுக்கு அதில் வெட்கம். குவளையைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குடித்து முடித்து அன்புராசா எழுந்தார். எந்த வாசலிலும் 'போறன்' என்று சொல்லி அறியாத மனிதர். வேலைக்குப் போனாலும் குப்பை போடக் கீழே போனாலும் 'போட்டு வாறன்'தான். அதையே தன் ஆங்கிலத்தில் எடுத்துவிட்டார்.

"ஓகே, வி கோ அண்ட் கம்."

யோசப் அதை அப்படியே அவளுடைய மொழியில் சொல்லிவிட்டான். நாசியேகுவின் முகம் மலர்ந்துபோயிற்று. ஏதோ கேட்டாள்.

"எப்போது வருவீர்கள் என்று கேட்கிறாள்" என்றான் யோசப்.

அன்புராசா முழித்தார். நிலாணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அதற்குள் நாசியேகுவே முடிவையும் சொல்லிவிட்டாள். மழைக்காலம் பெய்து முடிய வாருங்கள். அப்போது பால் இருக்கும். நல்ல தேத்தண்ணி தருவேன்.

அவர் நெஞ்சில் கையை வைத்து, தமிழிலேயே, "மழை முடிய வாறம்" என்றார்.

வண்டியில் ஏறியதும் நிலாணி சீண்டினாள். "சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது, இப்ப மாட்டுப்பட்டுப் போனியளே?"

"நான் சும்மா சொன்னன். அந்த மனிசி சும்மா கேக்கேல்லையே" என்றார் அவர்.

ஏப்ரலில் வயிற்று வலி என்றார். கணையத்தில் புற்று என்றார்கள். அறுவைக்கு நேரம் கடந்துவிட்டது என்றார்கள். மற்றவர்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து பாட்டுக் கேட்பார்கள், படம் பார்ப்பார்கள். இவர் போனில் அந்தத் திசையின் காலநிலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "அங்கை மழை துவங்கீற்றுது, நிலா" என்பார். "நேற்று நல்ல மழையாம்" என்பார். மகள் துர்க்கா, "அப்பா, சீரியஸா?" என்று சிரிப்பாள். பிறகு வெளியே போய் அழுதுவிட்டு வருவாள்.

கடைசி நாள், மத்தியானம். மருந்தின் மயக்கத்தில் கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார்.

"புகையா இருக்கு. ஆரோ அடுப்பு மூட்டியிருக்கினம்."

"ஓம்" என்றாள் நிலாணி. இல்லையென்று சொல்லி என்ன காணப்போகிறோம்.

"மழை விட்டிட்டுதோ?"

"விட்டிட்டுது."

"அந்த மனிசி பாத்துக்கொண்டிருக்கும். சொல்லிப்போட்டு வந்தனான்." அவருடைய கால்கள் போர்வைக்குள் ஒன்றையொன்று தேய்த்தன, எதையோ கழற்றப் பார்ப்பதுபோல.

கொஞ்ச நேரத்தில் தூங்கிவிட்டார் மாதிரி இருந்தது. அவளுக்குத் தொண்டை வறண்டது. "கீழை போய் ஒரு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வாறன், என்ன?" என்றாள். அவர் விரல் அசைந்தது. திரும்பி வந்தபோது தேத்தண்ணி சூடாகவே இருந்தது, அவர் இல்லை.

அதுதான் நிலாணிக்கு ஆறவில்லை. குப்பை போடப் போகவும் சொல்லிவிட்டுப் போகிற மனிதர், இதற்கு மட்டும் ஒரு சொல் இல்லாமல் போய்விட்டார். அன்றிலிருந்து அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் கூட. அவர் சொல்லாமல் போனாரே என்ற கோபம். கொடுத்த வாக்கோடு போனாரே என்ற தவிப்பு. அங்கே ஒருத்தி அடுப்புக்கும் வாசலுக்குமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"மூடப் போகினமாம். பாத்தது காணும், வா பிள்ளை" என்றாள் மச்சாள்.

பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் விபூதி. முகம் மெலிந்திருந்தாலும் அவர்தான். நிலாணி குனிந்து அவருடைய பாதங்கள் இரண்டையும் பிடித்தாள். பிடித்தபடி, மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள்.

"நான் போட்டு வாறனப்பா."

நின்ற சனம் திகைத்துத் திரும்பியது. மச்சாள் ஓடிவந்து தோளைப் பிடித்தாள். "என்ன கதை கதைக்கிறாய்? செத்தவீட்டிலை உந்தச் சொல்லு வரக்கூடாது, பிள்ளை. எங்கை போட்டு வரப்போறாய் நீ?"

"தேத்தண்ணி குடிக்க, மச்சாள். மழை முடிய வாறமெண்டு இவர் சொல்லிப்போட்டு வந்தவர்."

மச்சாள் தம்பியின் முகத்தை ஒருதரம் பார்த்தாள். மெல்லக் குனிந்து, நாற்காலியடியில் கிடந்த சப்பாத்துகளை எடுத்துவந்து நிலாணியின் காலடியில் சோடியாக வைத்தாள்.

வாசலில் துர்க்கா குடையோடு நின்றாள். காலையிலிருந்து விடாத மழை. தாயைக் கண்டதும் குடையை விரித்துக்கொண்டு ஓரடி வெளியே வைத்தாள். கையை நீட்டிப் பார்த்தாள், ஒரு துளியும் விழவில்லை. குடையை மடக்கினாள்.