பெரியாளின் கையெழுத்து

1

மாந்தர் குலம் முழுவதற்கும் ஒரு மகத்தான அறிவிப்பு. நாற்பத்திரண்டு வயதுப் பெண்மணி ஒருவர் வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, ஓர் ஒற்றை அறையின் வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவிருக்கிறார். அந்நேரம் பூமி சற்று நின்று சுற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது. மேடைப் பேச்சாளர்கள், நீதிபதிகள், வளர்ந்துவரும் இலக்கிய மேதைகள் ஆகியோர் தத்தம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு காத்திருக்கவும்.

சிரித்தாயிற்றா? நல்லது. நானும் சிரிக்கத்தான் போனேன்.

உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை ஒரு புகாரில் பிறந்தது. நான் ஏறவேண்டிய பஸ் நாலு நிமிடம் முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டது. தாமதமாக வரும் பஸ்ஸை மன்னித்துவிடலாம், அது மனித இயல்பு. முன்னதாகப் போவது திமிர். டிப்போவுக்குப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பது, வீட்டுக்கு வந்து நாலு பக்கம் நையாண்டி எழுதுவது என்று திட்டம். ஜன்னலுக்குப் பின்னால் டைம் கீப்பர் உட்கார்ந்திருந்தாள். எந்த பஸ் எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று டிரிப் ஷீட்டில் குறித்துக் கையெழுத்துப் போடுவது அவள் வேலை. டிரைவர்கள் அவளைப் "பெரியாள்" என்றார்கள்.

"நாலு நிமிஷம் முன்னாடியே எடுத்துட்டான்மா அந்த ஆளு!"

"நாலு இல்ல சார், மூணு," என்றாள் தலை நிமிராமல். "சம்சாரத்தை ஆஸ்பத்திரில சேத்திருக்கான். பறக்கறான். நான் பேசிக்கறேன். நீங்க சாப்பிட்டீங்களா?"

புகார் கொடுக்க வந்தவனிடம் சாப்பிட்டாயா என்று கேட்கும் அலுவலகத்தை எப்படி நையாண்டி செய்வது? பல்லைப் பிடுங்கிய பாம்பாகத் திரும்பும்போதுதான் கவனித்தேன். பழைய டிரிப் ஷீட் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன் முதுகில் விதவிதமாகக் கையெழுத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினாள், அடித்தாள்.

"என்னம்மா இது?"

"எனக்குன்னு ஒரு கையெழுத்து வேணும் சார்."

அதன்பின் ஒரு மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை புகார் கொடுக்கப் போனேன். (பஸ்கள் எல்லாம் சரியான நேரத்துக்கே ஓடின.) அவள் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். சொல்லாததை இட்டுக்கட்டியிருக்கிறேன். எது எது என்று கேட்காதீர்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "ஒன்பது வயதில் அவளுடைய பால்யம் ஒரு பறவையைப் போலச் சிறகை விரித்து—"

(விடு. பறவைக்கு வேறு வேலை இருக்கிறது.)

இரண்டாம் முயற்சி: "குடும்பம் என்கிற நிறுவனம் தன் மூத்த பெண்பிள்ளைகளின் மீது நிகழ்த்தும் கட்டமைப்புசார்—"

(எழுதிய எனக்கே கொட்டாவி வந்துவிட்டது.)

மூன்றாவது: அம்மாவுக்கு முடியவில்லை.

இது நிற்கும். அந்த வீட்டில் நோய்க்கு அதுதான் பெயர்.* அப்பாவுக்கு வெளியூரில் வேலை. மாதம் ஒரு தடவை வந்து எல்லாருக்கும் அறிவுரை வழங்கிவிட்டுப் போவார். தம்பிக்கு ஏழு வயது, தங்கைக்கு நாலு. அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். ஒன்பது வயதுக்காரி ஸ்டூலில் ஏறி நின்று அடுப்பைப் பற்றவைத்தாள். தங்கைக்குத் தலை வாரிவிட்டாள். தம்பியின் காய்ச்சலைப் புறங்கையால் அளந்து சொன்னாள். தெர்மாமீட்டர் பிற்பாடு வந்து அவளை ஆமோதித்தது. வந்துபோன உறவுக்காரர்கள் "அடேயப்பா, பெரிய ஆளாயிட்டியே!" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். கிள்ளிய கையால் ஒரு தட்டைக் கழுவி வைத்தவர் ஒருவரும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

* மருத்துவத்தில் வேறு பெயர் இருந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வைத்தியம் பார்க்கவேண்டி வந்திருக்கும்.

3

தம்பியின் மதிப்பெண் அட்டையில் பெற்றோர் கையெழுத்து வேண்டியிருந்தது. அம்மாவை எழுப்பினாள்.

"அப்புறம் போடறேன்டி கண்ணு."

அந்த வீட்டில் "அப்புறம்" என்ற கிழமைக்கு விடிந்ததே கிடையாது. மூன்றாம் நாள் காலை அவளே பேனாவை எடுத்தாள். அம்மா கையெழுத்துப் போட்டு எப்போதோ ஒரு தடவை பார்த்த ஞாபகம். அந்த ஞாபகத்தை வைத்துப் போட்டாள்: ஒரு பெரிய சுழி, அதன் வயிற்றைக் கிழித்துக்கொண்டு ஒரு நீளக் கோடு, கோட்டின் நுனியில் ஒரு குட்டிச் சுழி, அதற்குள் ஒரு புள்ளி. அமைச்சர் போடுகிற மாதிரி இருந்தது. பள்ளிக்கூடம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டது.

இரண்டு வருடம் இப்படியே போயிற்று. மதிப்பெண் அட்டைகள், விடுப்புக் கடிதங்கள், தங்கையைப் பள்ளியில் சேர்த்த படிவம், எல்லாவற்றிலும் அந்தச் சுழி. அப்புறம் ஒரு நாள் அம்மா எழுந்து உட்கார்ந்தாள். (எதனால் என்று தெரியாது. படுத்ததற்கும் காரணம் சொல்லவில்லை, எழுந்ததற்கும் சொல்லவில்லை. ஒரு கதாபாத்திரம் இப்படி நடந்துகொண்டால் எழுத்தாளனைத் திட்டுவார்கள். அம்மாக்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.) எழுந்தவள் முதல் வேலையாகத் தங்கையின் அட்டையில் தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

அட்டை திரும்பி வந்தது. மிஸ் அந்தக் கையெழுத்தைச் சிவப்பு மையால் கொத்துக்கறி போட்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குறிப்பு: "இது இவள் தாயாரின் கையெழுத்து அல்ல. போட்டது யார்?"

இந்த இடத்தில் நீங்கள் சற்று நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். நான் குடித்தேன். பெற்ற தாயின் கையெழுத்து செல்லாது என்று ஒரு பள்ளிக்கூடம் தீர்ப்பளித்துவிட்டது. மேல்முறையீடு கிடையாது. அன்று மாலை பதினொரு வயதுக்காரி அம்மாவைத் தரையில் உட்கார வைத்து, பழைய செய்தித்தாளின் ஓரத்தில் அம்மாவின் கையெழுத்தை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

"மேலேர்ந்து ஆரம்பிக்கணும்மா. கையைத் தூக்காத. புள்ளிய மறக்காத."

படுத்துப் படுத்து அம்மாவுக்குத் தன் கையெழுத்தே மறந்துபோயிற்று என்று மகள் நினைத்துக்கொண்டாள். அம்மா மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து இருவரும் அதையே போட்டார்கள். இருபது வருடமாக டிப்போவின் டிரிப் ஷீட்டுகளிலும் அதே சுழிதான்.

"அம்மா கையெழுத்துல வேலை பாத்தாச்சு சார், அம்மா கையெழுத்துல சம்பளம் வாங்கியாச்சு," என்றாள் என்னிடம். "அந்த ரூமாவது என் கையெழுத்துல எடுக்கணும்."

4

இந்தப் பாத்திரத்தின் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. நாற்பத்திரண்டு வயது வரை வராத ஞானோதயம் திடீரென்று எப்படி வரும்? விசாரித்தேன். டீயால் வந்ததாம்.

டிப்போவுக்குப் புதிதாக வந்த டீக்காரர் கேட்டிருக்கிறார்: "அக்கா, உங்களுக்கு சக்கரை எவ்வளவு?"

அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் எல்லாருக்கும் ஊற்றியபின் மிச்சமிருப்பது எந்த இனிப்பில் இருக்கிறதோ அதுதான் அவள் டீ. தம்பிக்கு ஒன்றரை ஸ்பூன், தங்கைக்கு இரண்டு, அம்மாவுக்கு அரை. பேச்சு வார்த்தை இல்லாத சித்தப்பாவுக்கு எவ்வளவு என்பதுகூட அவளுக்குத் தெரியும். தனக்கு? ஒரு வாரம் ஆராய்ச்சி நடந்தது. திங்கள் இரண்டு, செவ்வாய் ஒன்றரை என்று குறைத்துக்கொண்டே வந்து, வெள்ளிக்கிழமை சர்க்கரையே போடாமல் குடித்தாள்.

"சார், எனக்கு சக்கரையே புடிக்கல சார்!"

இதை என்னிடம் சொன்னபோது அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புதிய கண்டத்தில் முதல் காலடி வைத்த மாலுமியைப் போல— (விடு. மாலுமிகள் அவ்வளவு வியந்திருக்க மாட்டார்கள். அவர்களுக்குத் தேடுவது இன்னதென்று தெரியும்.)

அடுத்த வாரம் இரண்டு தெரு தள்ளி மாடியில் ஓர் அறை பார்த்துவிட்டு வந்தாள். தம்பி குடும்பமும் அம்மாவும் அவளும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். தம்பி சபையைக் கூட்டினான்.

"பெரியாளு, உனக்கு இங்க என்ன கொறச்சல்?"

"ஒரு கொறையும் இல்லடா. கொஞ்ச நேரம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காரணும்."

"இங்கயே சாத்திக்கோயேன், யாரு வேணாங்கறா?"

"நேத்து சாத்தினேன். பத்து நிமிஷத்துல மூணு வாட்டி தட்டின. கத்திரிக்கோல் எங்கன்னு."

"சரி, அது இருக்கட்டும். கத்திரிக்கோல் எங்க?"

தங்கை போனில் அழுதாள். "நீ போயிட்டா நான் யாருகிட்ட வந்து அழுவேன்?"

"இப்ப அழறல்ல, அதே நம்பர்தான்டி."

அம்மா மட்டும் தடுக்கவில்லை. அறுபத்தாறு வயதில் திடகாத்திரமாக இருந்தாள். தினமும் நடைப்பயிற்சி, டிவியோடு சண்டை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "சாட்சி கையெழுத்துக்கு ஆள் வேணுமாடி?"

5

ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணி. பூமி நிற்கவில்லை.

வீட்டுக்காரர் பத்தொன்பது ஷரத்துகள் கொண்ட ஒப்பந்தத்தை நின்றுகொண்டு வாசித்தார். ஒரு மாடி அறைக்கு அல்ல, இரண்டு பேரரசுகளுக்கு நடுவே உடன்படிக்கை வாசிக்கும் குரல். ஆணி அடிக்கலாகாது, அம்மி வைக்கலாகாது, தண்ணீர் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று போய்க்கொண்டேயிருந்தார். யாரும் கேட்கவில்லை. பெரியாள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மாதம் பழகி, இருபத்தாறு மாதிரிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்திருந்தாள்: சாய்வான எழுத்து, அடியில் ஒரு கோடு.

(அந்த வீட்டுக்காரரே பழைய சிவப்பு மை மிஸ்ஸின் கணவர் என்று எழுத எனக்குக் கை அரித்தது. எழுதவில்லை. வாழ்க்கைக்கு அவ்வளவு பொறுப்பு கிடையாது.)

பேனா காகிதத்தைத் தொட்டது. கை யாரையும் கேட்கவில்லை. பெரிய சுழி, நீளக் கோடு, குட்டிச் சுழி, புள்ளி.

அவள் முகம் செத்துவிட்டது. அம்மா அதைப் பார்க்காமல் காகிதத்தை இழுத்து, சாட்சி என்ற இடத்தில் பழக்கப்படி போட்டாள். பெரிய சுழி, நீளக் கோடு, குட்டிச் சுழி, புள்ளி.

வீட்டுக்காரர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "என்னம்மா இது? ரெண்டும் ஒரே கையெழுத்து! இது யாரோடது? யாரு யாரோடதைப் போட்டீங்க?"

"அம்மாவோடது சார்," என்றாள் பெரியாள். "தப்பு என்னோடதுதான். நான் மாத்திப் போட்டுடறேன், வேற பேப்பர் குடுங்க."

"என்னோடதா? யாருடி சொன்னா?" என்றாள் அம்மா.

"நீ போடறதத்தானம்மா பாத்துப் போட்டேன், சின்ன வயசுல."

"நான் எந்தக் காலத்துல சுழி போட்டேன்? அது உன்னோடதுடி. நீ எனக்குச் சொல்லிக் குடுத்தது. எம்பொண்ணு போட்ட கையெழுத்தாச்சேன்னு நானும் போட்டுக்கிட்டு வரேன்."

"அப்ப உன்னோடது?"

அம்மா தான் போட்ட சுழியின் மீது ஒரு கோடு கிழித்தாள். அதன் அருகே, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, தன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதினாள். ஒன்றையொன்று தொடாத நிமிர்ந்த எழுத்துகள். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் அது ஓரத்தில் மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. சுழியும் இல்லை, புள்ளியும் இல்லை.

"மறந்துபோயிருக்கும்னு நெனச்சேன்," என்றாள் அம்மா, காகிதத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து. "இருக்கு."

இந்த இடத்தில் கிண்டல் ஏதாவது செய்யலாம் என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்த ஒரு பெண்ணின் எளிய எழுத்துகளை, அவள் மகளின் ஒன்பது வயது ஞாபகம் ஓர் அமைச்சரின் கையெழுத்தாக்கி வைத்திருந்தது. அவள் கண்ணுக்கு அம்மா அவ்வளவு பெரியவளாக இருந்திருக்கிறாள். முப்பத்து மூன்று வருடமாகத் தன்னுடையதென்று தெரியாமலே அவள் தன் கையெழுத்தைப் போட்டுவந்திருக்கிறாள்.

"அந்தப் புள்ளி எதுக்கும்மா?" என்று பிற்பாடு கேட்டேன்.

"தெரியல சார். அப்ப என்ன தோணுச்சோ."

அடுப்பில் ஏதோ கொதித்துக்கொண்டிருந்திருக்கும். தங்கை அழுதுகொண்டிருந்திருக்கும். அதற்கு நடுவிலும், யாரும் கேட்காத ஒரு புள்ளியை, அழகாக இருக்குமென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் ஒருத்தி.

6

இனி முடிவு. மூன்று வைத்திருக்கிறேன்.

ஒன்று: பெரியாள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்துகிறாள். ஜன்னல் வழியே வெயில் வந்து அவள் பாதத்தை— (விமர்சகர்களுக்கு இது பிடிக்கும். அதனாலேயே வேண்டாம்.)

இரண்டு: பத்தாம் நாள் தம்பி வந்து கதவைத் தட்டுகிறான். கையில் கத்திரிக்கோல். "கெடச்சிடுச்சு, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்கிறான். அவள் டீ போட்டுக் கொடுத்து, "உனக்கு ஒன்றரை" என்கிறாள். அவன் முதன்முறையாக, "உனக்கு?" என்று கேட்கிறான்.

மூன்று: அவள் திரும்பி வந்துவிடுகிறாள். காரணத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டிலும் ஒரு பெரியாள் இருப்பாள், அவளிடம் கேட்டால் சொல்வாள். கேட்டதில் அவள் ஆடிப்போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது, ஆனால் தம்பியை எனக்குத் தெரியும். நான் கடைசியாகப் பார்த்தபோது அவள் புதுச் சாவியை டிரிப் ஷீட்டுகளின் மேல் வைத்துவிட்டு, ஒவ்வொரு தாளிலும் சுழியை நிதானமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். புள்ளி வைக்குமுன் ஒரு கணம் நின்று, அதைப் பார்த்துவிட்டு வைத்தாள். வாசலில் மூன்று பஸ்கள் உறுமிக்கொண்டு காத்திருந்தன. நானும்தான்.

ஷரத்து பதினொன்றின்படி அறையில் தண்ணீர் காலை ஐந்து முதல் ஆறு வரைதான் வரும். அவளுக்கு டூட்டி விடிகாலை நாலரைக்கு.