நாற்பத்தொன்றாம் டப்பா

நாற்பத்தொன்று மறுபடியும் எகிறியது.

மூன்றாவது முறை. புது ரசாயனம், துடைத்துவைத்த மெஷின். ஆனால் திரையில் அதே செங்குத்துக் கோடு.

எங்கள் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெருங்குடலில் பாலிப் என்கிற சதை மொட்டு முளைத்தால், அதன் செல்கள் மலத்தோடு உதிரும். அந்தச் செல்களின் டி.என்.ஏ.வில் ஒரு ரசாயன முத்திரை விழுந்திருக்கும். முத்திரையைப் பிடித்தால், மொட்டு புற்றாவதற்குள் வெட்டி எறியலாம். அறுபது பேர் வீட்டிலிருந்தே டப்பாவில் மலம் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிறகு அறுபது பேருக்கும் குழாய்க் கேமரா விட்டுக் குடலைப் பார்த்தோம். டப்பாக்கள் எட்டு மாதம் ஃப்ரீஸரில் கிடந்தன. இந்த வாரம்தான் சோதனை; முத்திரை இருந்தால் திரையில் கோடு எகிறும்.

நாற்பத்தொன்று ஒரு ஆண். குடல் கண்ணாடி மாதிரி சுத்தம் என்றது கேமரா அறிக்கை.

"ஒண்ணு உன் முத்திரை புளுகுது, இல்ல நான் குருடு" என்றார் குடல் டாக்டர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் குருடு இல்லம்மா."

"டப்பா மாறியிருக்கலாம் சார்."

"மாறியிருந்தா உன் ரெண்டு வருஷ வேலையும் அம்பேல்."

அது எனக்கும் தெரியும். ஒய் குரோமோசோம் இருக்கிறதா என்று பார்த்தேன். ஆணின் டப்பாவில் அது இருந்தே தீர வேண்டும்.

இல்லை. துளிகூட இல்லை.

பெண்!

எங்கள் அறுபதில் மொட்டு இருந்த பெண்கள் ஆறு பேர். ஆறு டப்பாவும் ஒழுங்காகக் கோடு காட்டியிருந்தன. அப்படியானால் எங்களிடம் டப்பா மாறவில்லை; இவள் எங்கள் கணக்கிலேயே இல்லை. எந்தக் கேமராவும் இவளைப் பார்க்கவில்லை. மொட்டோடு எட்டு மாதமாக எங்கேயோ நடமாடிக்கொண்டிருக்கிறாள்.

டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

டாக்டர் பூட்டிய அலமாரியைத் திறந்து பெயர்ப் பட்டியலை எடுத்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"அட, நம்ம ஃபியூஸ்!"

எங்கள் கட்டட எலக்ட்ரீஷியன். இரண்டாம் மாடி நடையில் ஏணிமேல் நின்று டியூப்லைட் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கொஞ்சம் இறங்குங்க."

"கரண்ட் போயிடுச்சா மேடம்?"

"எட்டு மாசத்துக்கு முன்னாடி டப்பா கொடுத்தீங்களே. அது உங்களுதுதானா?"

திருதிருவென்று விழித்தார். ஸ்க்ரூ டிரைவரைப் பாக்கெட்டில் செருகினார், எடுத்தார், மறுபடி செருகினார்.

"அது வந்து… மூணு நாள் உக்காந்து பார்த்தேன் மேடம். அந்த டப்பாவைப் பார்த்தாலே வரமாட்டேங்குது. நீங்க வேற கடைசி நாள்னு போன் மேல போன். அதான் வீட்டுக்காரிகிட்ட…"

"கேமராவுக்கு மட்டும் நீங்களே வந்தீங்க?"

"அதுல மயக்க ஊசி போட்டுடுவாங்கல்ல!" என்று அசடு வழிந்தார். "ஒரே அடுப்புல சமைச்சு ஒரே சாப்பாடுதானே சாப்பிடறோம். ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கும்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஏணியின் கடைசிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

மாலையில் அவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி தையல் மெஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"எனக்கென்னங்க கேடு? வலி இல்ல, ரத்தம் இல்ல. வேளாவேளைக்குச் சாப்பிடறேன்."

"மொட்டு பெரும்பாலும் வலிக்காதுக்கா. வலிச்சிருந்தா எங்க வேலையே தேவையில்ல. உள்ளே பார்க்காம நிச்சயமா சொல்ல முடியாது. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்."

மெஷின் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, கணவரைத்தான் பார்த்தாள்.

"அன்னிக்கு உங்களுக்கு வெக்கம். இன்னிக்கு நான் போய்ப் படுக்கணுமா?"

"நானும் கூட வரேன்டி."

"வந்து? எனக்குப் பதிலா படுத்துக்குவீங்களோ?"

இரண்டு நாளில் வந்தாள். கேமரா உள்ளே போன ஒன்பதாவது நிமிஷம் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். திரையில், ஒரு மடிப்புக்குப் பின்னால், திராட்சை அளவில் சிவப்பாக உட்கார்ந்திருந்தது. கம்பி வளையம் போட்டு இறுக்கி அறுத்தார். ஒரு வாரத்தில் அறிக்கை வந்தது: புற்றாக மாற ஆரம்பித்த செல்கள் நுனியில் மட்டும், அறுத்த ஓரம் சுத்தம்.

அன்றே அட்டவணையில் நாற்பத்தொன்றாம் வரியை அடித்து நீக்கினேன்.

"பைத்தியமா? உன் முத்திரை ஜெயிச்ச கேஸ்ம்மா அது!" என்றார் டாக்டர்.

"கொடுத்த ஆள் வேற சார். சேர்த்தா பித்தலாட்டம்."

அடிக்குறிப்பில் எழுதினேன்: 'ஒரு மாதிரி நீக்கப்பட்டது. காரணம், ஆள் மாறாட்டம்.'

கதவு தட்டப்பட்டது. ஃபியூஸின் மனைவி. கையில் இன்னொரு பெண்ணின் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

"கூடப் பிறந்தவங்களையும் பார்க்கணும்னு டாக்டர் சொன்னாருல்ல? எங்க அக்கா. வரமாட்டேன்னுதான் சொன்னா."

"இவ இழுத்துட்டு வந்துட்டாம்மா" என்றாள் அக்கா. "எனக்கு ஒண்ணுமே இல்ல."

"நானும் அதைத்தான் சொன்னேன்" என்றாள் தங்கை. "உக்காரு."